எங்கள் வீட்டுப் பொறி

டொராண்டோவில் வசிக்கும் அத்தை மகன் சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது, பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கென்று ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்தான். அதில் ஒரு கேடயம்; கேடயத்தில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம்; மேலே இரும்புத் தலைக்கவசம்; கீழே சுருண்ட பட்டை ஒன்றில் லத்தீன் வாசகம்; அதற்கும் கீழே தங்க எழுத்தில் எங்கள் மாமாவின் பெயர். குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்தால் அந்தக் குடும்பத்தின் பழம்பெரும் சின்னத்தை அச்சிட்டு அனுப்பும் இணையக் கடை ஒன்றில் அதை வாங்கியிருக்கிறான். அவனுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவன் அப்பாவின் பெயர் இருப்பதால், கடை அதையே ஒரு வம்சத்தின் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டது. ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா அந்தப் பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த சிங்கம் யார்ரா?" என்று கேட்டார்.

நம்மிடம் இருப்பது முன்னெழுத்து மட்டுமே. என் அப்பா பெயரின் முதலெழுத்து எனக்கு, என் பெயரின் முதலெழுத்து என் மகளுக்கு; ஒவ்வொரு தலைமுறையிலும் எழுத்து மாறிவிடும். அப்படியிருக்க, குடும்பப் பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்த சின்னம் என்பதில் ஒரு சிரிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாமாவின் கேள்வி என்னை விடவில்லை. கட்டட வரைபடம் வரைவது என் தொழில் என்பதால், இந்தக் கலையின் விதிகளைக் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நேர்மையான ஒரு சின்னத்தை நாமே வரைந்தால் என்ன என்று தோன்றியது. அந்த வேலை ஏறத்தாழ எட்டு மாதங்கள் நீடித்தது.

முதலில் தெரிந்துகொண்டது, அந்தக் கடை ஐரோப்பிய மரபையே தலைகீழாக விற்கிறது என்பது. மேற்கு ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில் வீரர்களின் கேடயங்களில் தோன்றி, பின்னர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கத் தொடங்கிய இந்தச் சின்னங்களை ஒழுங்குபடுத்த, இங்கிலாந்தில் 1484-ஆம் ஆண்டிலேயே மூன்றாம் ரிச்சர்டு மன்னர் ஓர் அமைப்புக்குப் பட்டயம் அளித்தார். காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. அந்த மரபில் சின்னம் என்பது ஒரு தனிமனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று அங்கே கிடையாது. கடைக்காரர்கள் முழுப் படத்தையும் 'கிரெஸ்ட்' என்கிறார்கள். உண்மையில் கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் சிறு உருவம் மட்டுமே. கேடயமும் அதைச் சூழ்ந்த பிறவும் சேர்ந்தது கோட் ஆஃப் ஆர்ம்ஸ். பேட்ஜ் என்பது இரண்டிலிருந்தும் வேறானது. யார்க் வமிசத்தாரின் வெள்ளை ரோஜாவைப் போல, கேடயமோ கவசமோ இல்லாமல் பொருள்களிலும் பணியாளர்களின் உடையிலும் இடப்படும் எளிய அடையாளம் அது. இந்த வேறுபாடு பின்னால் எனக்கு மிகவும் பயன்பட்டது. அத்தை மகனுக்கு வேண்டுமானால் முறையான வழியே உண்டு: கனடாவில் 1988 முதல் அரசு சார்ந்த சின்ன ஆணையம் இருக்கிறது, அந்நாட்டுக் குடிமகன் என்ற முறையில் அவன் அங்கே விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு பட்டங்களையே ஒழித்துவிட்ட நாட்டில், யாரும் நமக்குச் சின்னம் வழங்கப் போவதில்லை; நாமே வைத்துக்கொண்டால் கேட்பாரும் இல்லை. ஒன்றை மட்டும் தொடக்கூடாது. அசோகர் தூண் சிங்கங்களைத் தனியார் தம் விருப்பத்துக்குப் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சித்தப்பாவுக்கு இந்தச் செய்திகள் எதிலும் அக்கறையில்லை. அவருக்குப் புலி வேண்டும். நாம் சோழர் வழி வந்தவர்கள் என்று அவர் தம் நண்பர் ஒருவரிடம் கேட்டறிந்திருந்தார். சான்று என்ன என்று கேட்டால், "புலி நம்ம ரத்தத்துல இருக்குடா" என்பார்.

அவருக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். முதலாம் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் உள்ள முத்திரை, தமிழ்நாட்டில் இந்தக் கலை எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதற்குப் போதுமான சான்று. அமர்ந்திருக்கும் புலி, அதன் பக்கத்தில் இரண்டு மீன்கள், வில், மேலே குடையும் சாமரங்களும். புலி சோழனுடையது, மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. வென்ற நாடுகளின் சின்னங்களைத் தன் முத்திரைக்குள் இழுத்துவைத்துக்கொள்வது சோழனின் பெருமிதம். பிரான்ஸ் தனக்கே உரியது என்று வாதாடிய இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு, 1340-இல் பிரெஞ்சு மன்னர்களின் லில்லிப் பூக்களைத் தன் கேடயத்தில் சேர்த்துக்கொண்டு செய்ததும் இதே வேலைதான். அந்தப் பூக்களை எடுக்க அவர்களுக்கு 1801 வரை மனம் வரவில்லை. ராஜேந்திரனோ அவர்களுக்கு மூன்று நூற்றாண்டுகள் முந்தியவன். அரசமுத்திரையில் இருக்கும் இந்த உருவத்துக்குத் தமிழில் 'பொறி' என்றே பெயர். நான் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டேன். எலிப்பொறியா என்று என் மகள் கேட்டதைப் பொருட்படுத்தவில்லை.

முத்திரையைப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பாவின் பிடிவாதம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவரிடம் நான் சொன்னது புறநானூற்றின் 45-ஆம் பாட்டு. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே அடைபட்டிருப்பவன் நெடுங்கிள்ளி, இருவரும் சோழர்கள். இடையில் புகுந்த கோவூர் கிழார், உன் எதிரி பனம்பூச் சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலையில் இருப்பதும் ஆத்தி, அவன் தலையில் இருப்பதும் ஆத்தி, இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். அந்தப் பாட்டைச் சண்டையை நிறுத்தச் சொன்ன அறிவுரையாகவே பள்ளியில் படித்தோம். சின்னம் வரைபவனுக்கு அதில் வேறொரு சிக்கல் தெரிகிறது: ஒரே குடியில் பிறந்த இருவர் ஒரே அடையாளத்தைச் சூடினால் யார் எவர் என்று பிரித்தறிவது எப்படி? ஆங்கிலேயர் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தந்தை உயிரோடு இருக்கும்வரை மூத்த மகனின் கேடயத்தில் மூன்று தொங்கல் கொண்ட பட்டை, இரண்டாம் மகனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு விண்மீன் என்று ஒன்பதாம் மகன்வரை வரிசை போகும். மகள்களுக்கு அதில் இடமில்லை. தாய்வழிச் சின்னமும், தாய்க்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லாதபோதுதான் பிள்ளைகளின் கேடயத்துக்குள் நிலையாக நுழைய முடியும். இந்த இரண்டு விதிகளையும் நான் படித்த அன்றே தள்ளிவிட்டேன். எங்கள் வீட்டை நடத்தியவர்களில் பாதிப்பேருக்கு மேல் பெண்கள்.

புலியை மறுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு, அதைச் சித்தப்பாவிடம் சற்றுத் தயங்கித்தான் சொன்னேன். பரிசு என்ற பொருளில் இன்று வழங்கும் 'விருது' என்ற சொல்லுக்குக் கொடி, அடையாளம் என்ற பழைய பொருள் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் ஜார்ஜ் டவுன் தெருக்களில், கும்பினியார் காலத்தில் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்ற சாதியார் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது, எந்தக் கொடியை யார் பிடிப்பது என்பதற்காக அடித்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் அதே வேலையைச் செய்கிறது. முன்னோர் பெருமை என்று தொடங்கும் எந்தச் சின்னமும் நம் ஊரில் இரண்டு தெரு தள்ளிப் போவதற்குள் சாதிச் சின்னமாகிவிடும். ஆகவே முன்னோர் யாராய்ப் பிறந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை செய்தார்கள் என்பதை மட்டும் வரைவது என்று முடிவு செய்தேன். மன்னர்களைப் பற்றி நமக்குச் சான்று கிடையாது, வேலைக்கு உண்டு.

அந்தச் சான்று எளிமையானது. அப்பாவின் அப்பா, பெரம்பூர் பின்னி ஆலையில், அதாவது பி அண்ட் சி மில்லில், தறிப் பிரிவில் இருந்தவர். 1918-இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதைப் பார்க்காமலேயே தாத்தா போய்ச் சேர்ந்தார். அம்மாவின் வழியில் கடல். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையை அணுக முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைகளின் மேல் ஏற்றி இறக்கிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. ஆணி அடித்த படகு அலை மோதும் இடத்தில் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அம்மாவின் கொள்ளுத் தாத்தா அந்தப் படகில் துடுப்புப் போட்டவர் என்பதும், ஆயா காசிமேட்டில் மீன்கூடை சுமந்தவர் என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு கிளைகளையும் ஒரே கேடயத்தில் எப்படி வைப்பது என்பதில்தான் மாதங்கள் கழிந்தன. தறியும் படகும் பக்கம் பக்கமாக நின்ற முதல் வரைபடம் கூட்டுறவுச் சங்கத்தின் ரப்பர் முத்திரையைப் போல் இருந்தது. மீன் வைக்கலாம் என்றாள் தங்கை; மீன்கொடியால் பாண்டியனுக்கே மீனவன் என்றொரு பெயர் உண்டு என்பதால் அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் அதில் தாத்தாவின் ஆலைக்கு இடமில்லை. ஐரோப்பிய மரபில் பெயரின் ஒலியை வைத்துச் சிலேடையாகச் சின்னம் அமைக்கும் வழக்கம் உண்டு. இரண்டாம் எலிசபெத் அரசியாரின் தாய் பிறந்த போஸ்-லயன் குடும்பத்தின் கேடயத்தில் விற்களும் சிங்கங்களும் இருப்பது அப்படித்தான். சிலேடைக்கு நமக்கா பஞ்சம் என்று அகராதியை வைத்துக்கொண்டு ஓர் இரவு உட்கார்ந்தேன். 'ஓடம்' என்ற சொல்லுக்கு எதிரே படகு என்று இருந்தது, அடுத்த பொருளாக நெசவு நாடா என்று இருந்தது. தறியில் பாவு நூல்களுக்கு ஊடே ஊடை நூலை ஏந்தி இப்படியும் அப்படியும் ஓடும் அந்தக் கட்டைக்கும் ஓடம் என்றே பெயர். வடிவமும் அதேதான்: இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் குழிந்தது. எழுந்து போய் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். காலையில் சொல்லக் கூடாதா என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இந்தக் கலையின் வண்ணங்கள் மிகச் சில. பொன், வெள்ளி என இரண்டு உலோகங்கள்; சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா என ஐந்து நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமும் நிறத்தின் மேல் நிறமும் வரக்கூடாது என்பது தலையாய விதி. அழகுக்காகச் சொன்ன விதி இல்லை இது. தொலைவிலிருந்து, புழுதியில், ஒரு நொடியில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகச் சொன்னது. தாத்தா நெய்த காக்கித் துணிக்காகக் காக்கி நிறம் சேர்க்க எனக்கு ஆசைதான். அந்த ஏழில் அதற்கு இடமில்லாததால் விட்டுவிட்டேன். கேடயத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து, மேல்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி நீலம், இரண்டும் சேரும் கோட்டின் மேல் வெள்ளி ஓடம் என்று வைத்தேன். நீலம் கடல். சிவப்பு தாத்தாவின் சங்கம். 1923-இல் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிச் செங்கொடி ஏற்றிய சிங்காரவேலர் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நினைத்துக்கொண்டால், சிவப்புக்குக் கீழே நீலம் இருப்பதில் எனக்கு ஒரு தனி நிறைவு.

எதிர்பாராத பேறு ஒன்றும் கிடைத்தது. வண்ணம் அச்சிட முடியாத இடங்களில் நிறத்தைக் கோடுகளால் காட்டும் முறையை, சில்வெஸ்டர் பெட்ரா சாங்டா என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி 1638-இல் வெளியான தம் நூலின் வழியாகப் பரவச் செய்தார். அதன்படி செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. எங்கள் கேடயத்தை அந்த முறையில் வரைந்து பார்த்தபோது, மேல்பாதியின் செங்குத்துக் கோடுகள் தறியில் விரித்த பாவாகவும், கீழ்ப்பாதியின் கிடைக்கோடுகள் தண்ணீராகவும் தெரிந்தன. மேலே பார்த்தால் நாடா, கீழே பார்த்தால் படகு. நான் திட்டமிட்டது இல்லை என்று சொன்னால் தங்கை இன்றுவரை நம்ப மறுக்கிறாள். விளிம்பைச் சுற்றி மசூலாவின் கயிற்றுத் தையல் ஓடுகிறது. தலைக்கவசத்தை விட்டுவிட்டோம், எங்கள் வீட்டில் யாரும் ஸ்கூட்டர் ஓட்டும்போது தவிர அதை அணிந்ததில்லை. அதன் இடத்தில் நெய்தல் நிலத்துப் புன்னைப்பூக் கண்ணி. வாசகம் எதுவும் வைக்கவில்லை.

பிரித்தறியும் சிக்கலுக்கு விடை தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதில் கிடந்த அவருடைய பழைய வேட்டி ஒன்றின் மூலையில், ஒரு சிறு கோடும் அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகளும் கருப்பாய் இருந்தன. வெளுக்கப் போட்ட துணி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காகச் சலவைத் தொழிலாளி இட்ட குறி அது. சேங்கொட்டையின் சாற்றால் குறியிட்டு, மேலே சுண்ணாம்பு தடவினால் கருப்பாய்ப் பற்றிக்கொள்ளும். எத்தனை முறை வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. தோலில் பட்டால் கொப்புளித்துவிடும் சாறு அது, அந்தக் கொப்புளத்தைத் தாங்கியது நாங்கள் இல்லை. கும்பினியாரின் துணியை வெளுத்தவர்களால் பெயர் பெற்ற பேட்டையில் குடியிருந்துகொண்டு, இதை நான் இவ்வளவு காலம் யோசிக்காமல் இருந்தது வெட்கம்தான். சோழன் முத்திரையைத் தேடி எழும்பூர் வரை போனோம்; எங்கள் குடும்பத்தைத் தெருவின் மற்றக் குடும்பங்களிலிருந்து பிரித்துக் காட்டிய ஒரே பொறி, எங்களைக் கேட்காமலேயே இன்னொருவர் இட்டது, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது.

அதுவே எங்கள் பேட்ஜ் ஆயிற்று. பழைய வீட்டில் இருக்கும் எனக்கு அதே கோடும் மூன்று புள்ளிகளும். தங்கை வீட்டுக்கு நான்கு புள்ளிகள். சித்தப்பா வீட்டுக்கு ஐந்து. ஓடம் எல்லோருக்கும் பொது.

ஒரு பொறி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க இந்த மரபிலேயே ஒரு சோதனை உண்டு. படத்தைக் காட்டாமல் சொல்லால் மட்டும் விவரிக்க, கேட்பவர் அதை வரைய வேண்டும்; ஓவியருக்கு ஓவியர் கை மாறலாம், சொன்ன விவரம் மாறக்கூடாது. சென்ற மாதம் நானும் சித்தப்பாவும் இரண்டு எவர்சில்வர் சொம்புகளை எடுத்துக்கொண்டு, எம்.சி. ரோடு பக்கத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டுபவரிடம் போனோம். மேலே செங்குத்துக் கோடுகள், கீழே படுக்கைக் கோடுகள், நடுவில் இரண்டு முனையும் கூர்ந்த ஓடம், ஓடத்துக்குள் ஒன்றும் வேண்டாம், சுற்றிலும் தையல், அடியில் ஒரு கோடும் மூன்று புள்ளிகளும் என்று சொன்னேன். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. கையிலிருந்த கருவி கிர்ரென்று ஓடியது. சில நிமிடங்களில் சொம்பைத் துடைத்து நீட்டினார். எவர்சில்வரில் வெட்டாமல் விட்ட இடம் தானாகவே வெள்ளியாக நின்றது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "சார், இது எந்தப் பக்கமா போவுது?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன். தலையாட்டிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

சித்தப்பா தம் சொம்பில் ஐந்து புள்ளிகளோடு ஒரு சிறு புலியும் வேண்டும் என்றார். சின்னம் தனிமனிதருக்கு உரியது என்று நானே அவரிடம் பலமுறை சொல்லியிருந்ததால் மறுக்க முடியவில்லை. பேர் வெட்டுபவர் வெட்டிய புலி பூனையைப் போல் இருக்கிறது. அது புலிதான் என்கிறார் சித்தப்பா.